கரண்டியிலிருந்து கிராமுக்கு: மசாலா அளவுகளை எடையாக மாற்றப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஆழாக்குத் தனியாவையும் ஒரு ஆழாக்கு வெந்தயத்தையும் அடுத்தடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். ஆழாக்கு (இங்கே 200 மில்லி பிடிக்கும் பழைய அளவைப் பாத்திரம்) ஒன்றுதான், இரண்டையும் தலைதட்டித்தான் அளந்திருப்பீர்கள். ஆனாலும் தனியா 70 கிராம் அருகே நின்றுவிடும். வெந்தயம் 150 கிராமை நெருங்கிவிடும். கசந்துபோன சாம்பார்ப் பொடி, காரம் ஏறாத ரசப்பொடி, சென்ற முறை மணத்த அளவுக்கு இந்த முறை மணக்காத கறி மசாலா என்று வீடுகளில் கேட்கும் குறைகள் பலவற்றுக்கு இந்த வித்தியாசமே காரணம்.

பாட்டியின் நோட்டில் ஆழாக்கு, கரண்டி, கைப்பிடி என்று எழுதியிருக்கும். மளிகைக் கடையில் கிராம் கணக்கு. அரவை மிஷினில் கிலோ கணக்கு. புதிதாகச் சமைக்க வந்தவர்கள் இந்த மூன்றுக்கும் நடுவில் திண்டாடுகிறார்கள். எங்கிருந்தாவது ஓர் அட்டவணையை எடுத்து ஒட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. அச்சிட்ட அட்டவணை வழி காட்டும், அவ்வளவுதான். உங்கள் கரண்டியில், உங்கள் வீட்டுச் சரக்கை, உங்கள் கையால் அளந்து நீங்களே எழுதிக்கொள்ளும் அட்டவணைதான் சமையலுக்கு உதவும். ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும், அதை முடித்துவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரே எண்ணால் பெருக்க முடியாதா?

தண்ணீருக்கு முடியும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். சமையலறைக் கணக்குக்கு இது போதுமான அளவு சரி. மசாலாவுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. தனியா உள்ளே குழிவான, லேசான விதை. உருண்டையாக இருப்பதால் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத்தான் உட்காரும். வெந்தயம் கெட்டியான, கட்டமான விதை, நெருங்கி அடுக்கிக்கொள்ளும். கடுகு பொடிசாக இருப்பதால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி எண் வேண்டும்.

ஒரே சரக்கிலேயே கூட எடை மாறும். மிளகு வியாபாரத்தில் இதையே தர அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் மிளகு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு லிட்டர் எடை என்று பெயர். 550 கிராம் நிற்கும் மிளகு நன்றாக முற்றிய, திடமான மிளகு. 500 கிராம் என்றால் ஒரு படி குறைந்த தரம். அதற்கும் கீழே போகப் போக, உள்ளே சதையில்லாத பொக்கு மிளகு அதிகம் என்று பொருள். இரண்டு கடைகளில் வாங்கிய மிளகை ஒரே கரண்டியால் அளந்து எடை போட்டால், எந்தக் கடைச் சரக்கு நல்ல சரக்கு என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். எடை போடப் பழகுவதன் முதல் பலன்களில் இதுவும் ஒன்று.

பொடிகளில் மாற்றம் இன்னும் அதிகம். புதிதாக அரைத்துச் சலித்த மஞ்சள்தூளில் காற்று நிறைய இருக்கும். அதே தூள் டப்பாவில் ஒரு மாதம் கிடந்தால் அமுங்கி இறுகிவிடும். தளர்வாக அள்ளிய ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் 2 கிராமைக் கொஞ்சம் தாண்டும். கரண்டியைத் தட்டி அமுக்கி எடுத்தால் அதுவே 3 கிராமைத் தொடும். கரண்டியும் மாறவில்லை, தூளும் மாறவில்லை. அள்ளிய விதம்தான் மாறியது.

தராசு வாங்கும்போது

சமையலறைக்கென்று விற்கும் டிஜிட்டல் தராசு போதும். பெரும்பாலும் 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். பொடி அரைக்கும் அளவுகளுக்கு இதுவே தாராளம். தினசரிச் சமையலுக்குச் சேர்க்கும் அரை டீஸ்பூன், கால் டீஸ்பூன் அளவுகளை நிறுக்க இது போதாது. அதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். நகை நிறுக்கப் பயன்படுத்தும் சின்னத் தராசு வகை அது. முதலில் பெரியதை மட்டும் வாங்குங்கள். சிறியது இல்லாமலேயே சின்ன அளவுகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தராசில் காலிப் பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பொருளைப் போட வேண்டும். அந்தப் பொத்தானில் பெரும்பாலும் டேர் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு பொருளும் போட்ட பிறகு மறுபடியும் அழுத்தினால் அடுத்த பொருளை அதே பாத்திரத்தில் சேர்க்கலாம். இது எல்லோருக்கும் எளிதில் பிடிபடும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில தராசுகளில் பொருளைச் சிட்டிகை சிட்டிகையாக, மெதுவாகத் தூவினால் எண் நகரவே நகராது. தட்டில் தூள் சேர்ந்துகொண்டே இருக்கும், தராசு மட்டும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். பழுதல்ல. காற்றாலும் அதிர்வாலும் எண் தள்ளாடாமல் இருப்பதற்காக, மிகச் சிறிய மாற்றங்களைப் புறக்கணிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அப்போது பாத்திரத்தைத் தூக்கிவிட்டு மறுபடியும் வையுங்கள்; சரியான எடை வந்துவிடும். உப்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றைக் கடைசிக் கிராம் வரை சரியாக நிறுக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

தராசை மேடையின் சமதளத்தில் வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது. மிக்ஸி ஓடும் மேடையிலும் வைக்க வேண்டாம்.

முதல் வேலை: உங்கள் கரண்டியை அளப்பது

சமையல் குறிப்புகளில் வரும் டீஸ்பூன் என்பது 5 மில்லி. டேபிள்ஸ்பூன் 15 மில்லி. நம் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்பூனும் அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கரண்டியும் அந்த அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பாத்திரக் கடையில் அவை அழகுக்காகவும் கைக்கு வசதியாகவும் செய்யப்பட்டவை.

மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் இழுத்து, கரண்டியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு மெல்ல விடுங்கள். விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே லேசாக மேடுகட்டி நிற்கும் இயல்புள்ளது, அந்த மேடு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். சிரிஞ்சில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். 4 மில்லியில் நிரம்பிவிட்டால், உங்கள் கரண்டி டீஸ்பூனில் ஐந்தில் நான்கு பங்கு. அதாவது குறிப்பில் 5 டீஸ்பூன் என்றிருந்தால் உங்கள் கரண்டியில் அது சற்றேறக்குறைய 6. அஞ்சறைப் பெட்டிக் கரண்டியைச் சோதித்துப் பார்க்கும்போது பலருக்கும் வியப்பாகத்தான் இருக்கும். 5 மில்லிக்கு வெகு கீழே நிற்கும் கரண்டிகள் நிறைய உண்டு.

ஆழாக்கு, தம்ளர், கப் போன்ற பெரிய அளவைகளுக்குச் சிரிஞ்ச் வேண்டாம். காலியாகத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் மில்லி அளவு. பாட்டி காலத்துப் பித்தளை ஆழாக்கு வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 8 ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு எங்கும் ஒன்றுதான் என்றாலும், படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி என்று சொல்லப்பட்ட பெரிய படியின் ஆழாக்கு 200 மில்லியைத் தொடும். சிறிய படியின் ஆழாக்கு அதைவிடக் கணிசமாகக் குறையும். எந்த ஆழாக்கால் அந்தக் குறிப்பு எழுதப்பட்டதோ, அதைக் கண்டுபிடித்து அளப்பதே நல்லது. அந்த ஆழாக்கு இப்போது சித்தி வீட்டில் இருந்தால், ஒருமுறை போய்த் தண்ணீர் ஊற்றி அளந்துகொண்டு வாருங்கள்.

இரண்டாவது வேலை: பத்துக் கரண்டி முறை

ஒரு கிராம் மட்டுமே காட்டும் தராசில் ஒரு டீஸ்பூன் சீரகத்தைப் போட்டால் 2 என்று காட்டும். அது 1.6 ஆகவும் இருக்கலாம், 2.4 ஆகவும் இருக்கலாம். இந்தத் தடுமாற்றத்தைத் தாண்ட, பத்துக் கரண்டியைச் சேர்த்து நிறுங்கள். 21 கிராம் வந்தால் ஒரு கரண்டி 2.1 கிராம். தராசின் பிழையும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும், கை கூடக் குறைய அள்ளியதும் சராசரியில் கரைந்துவிடும்.

அள்ளும் முறை முக்கியம். விதையானாலும் பொடியானாலும், முதலில் டப்பாவுக்குள்ளேயே ஒருமுறை கிளறித் தளர்த்துங்கள். கரண்டியைச் சரித்து உள்ளே விட்டு, வழிய வழிய எடுங்கள். டப்பாவின் ஓரத்தில் தட்டக் கூடாது, விரலால் அமுக்கவும் கூடாது. கத்தியின் முதுகுப் பக்கத்தைக் கரண்டியின் மேல் வைத்து ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். வழிந்தது டப்பாவுக்குள் விழட்டும், கரண்டியில் இருப்பது தராசுக்குப் போகட்டும். பத்தும் முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இன்னொரு சுற்று அளந்து பாருங்கள். இரண்டு சுற்றும் நெருங்கி வந்தால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். வெகுவாக விலகினால் அள்ளும் விதத்தில்தான் மாற்றம் இருக்கிறது.

அம்மா தலைதட்டி அளக்கிறவரா, கோபுரமாக அள்ளிப் போடுகிறவரா என்பதையும் பார்த்து வையுங்கள். பொடியைக் கோபுரமாக அள்ளினால் தலைதட்டியதைப்போல் ஒன்றரை மடங்கு, சில கைகளில் இரண்டு மடங்கு வரை போகும். "ரெண்டு ஸ்பூன் போடு" என்று அவர் சொல்லும்போது, அந்த ஸ்பூன் எது என்று தெரியாமல் எந்தக் கணக்கும் சரிவராது. அவர் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நின்று, அவர் அள்ளியதை ஒரு கிண்ணத்தில் வாங்கி நிறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். கேட்டு எழுதுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது. தராசைப் பார்த்ததும் சிலருக்குக் கை இயல்பாக ஓடாது. இரண்டு மூன்று நாள் பழகிய பிறகு நிறுத்த எடையையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டவணை

தலைதட்டிய 5 மில்லி டீஸ்பூனுக்கு உத்தேசமாக வரும் எடைகள் இவை. உங்கள் எண்கள் இவற்றுக்கு அருகில் இருந்தால் சரியாக அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தனியா: 1.8 கிராம்
சீரகம்: 2.1 கிராம்
சோம்பு: 2 கிராம்
மிளகு, முழுசாக: 2.9 கிராம்
மிளகுத்தூள்: 2.3 கிராம்
கடுகு: 3 முதல் 3.5 கிராம்
வெந்தயம்: 3.7 கிராம்
கசகசா: 2.8 கிராம்
மல்லித்தூள்: 2 கிராமுக்கு முன்பின்
மிளகாய்த்தூள்: 2 முதல் 2.7 கிராம்
மஞ்சள்தூள்: 2.2 முதல் 3 கிராம்
பட்டைத்தூள்: 2.6 கிராம்
தூள் உப்பு: 6 கிராம்

டேபிள்ஸ்பூனுக்கு மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் வெந்தயத்தையும் தனியாவையும் இன்னொருமுறை பாருங்கள். ஒரு குறிப்பில் 9 கிராம் வெந்தயம் என்று இருக்கிறது, டீஸ்பூனுக்கு 2 கிராம் என்று பொதுவாக நினைத்துக்கொண்டு நாலரை ஸ்பூன் போடுகிறீர்கள் என்றால், உள்ளே போவது 16 கிராமுக்கும் மேல். கசப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். மறுபக்கம், தூள் உப்பும் மிளகாய்த்தூளும் ஒரே எடை என்று எண்ணி உப்பை அளப்பவர் இரண்டு மடங்குக்கு மேல் போட்டுவிடுவார். ஊறுகாய் போடுகிறவர்கள் கல் உப்பையும் தூள் உப்பையும் ஸ்பூனில் மாற்றி மாற்றி அளக்கவே கூடாது. கல் உப்பில் இடைவெளி அதிகம், கரண்டிக்கு எடை குறைவாகவே வரும். கிராமில் நிறுத்தால் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சரி.

ஸ்பூனுக்கு அடங்காதவை

காய்ந்த மிளகாயை ஆழாக்கால் அளப்பதில் பொருளே இல்லை. ஒரு ஆழாக்கில் எத்தனை மிளகாய் அடங்கும் என்பது, அவை எப்படி வளைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பழைய நோட்டுகளில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும். காம்பு கிள்ளிய மிளகாய் இருபதை எடுத்து நிறுங்கள். நீட்டு மிளகாய் ஒன்று பொதுவாக ஒரு கிராமுக்கு முன்பின் இருக்கும். அதை வைத்து எண்ணிக்கையை எடையாக மாற்றிவிடலாம். மாற்றும்போது ரகத்தையும் சேர்த்து எழுதுங்கள். இராமநாதபுரம் குண்டு மிளகாயும் குண்டூர் மிளகாயும் நிறத்துக்குப் பேர்போன பேடகி மிளகாயும் எடையில் ஒன்றாக இருந்தாலும் காரத்தில் ஒன்றல்ல. வெறும் "மிளகாய் 100 கிராம்" என்று எழுதிய குறிப்பு பாதிக் குறிப்புதான்.

கிராம்பு, ஏலக்காய், பட்டை ஆகியவற்றுக்கும் எண்ணிக்கைப் பழக்கம் உண்டு. வீட்டுக்கு நாலு பேருக்குச் சமைக்கும்போது எண்ணிப் போடுவதே எளிது, அதை மாற்ற வேண்டாம். கறி மசாலா அரைத்து வைக்கும்போது மட்டும் எடைக்கு வாருங்கள். கிராம்பு பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு கிராம் வரும். தடித்த ஏலக்காய் என்றால் நாலைந்திலேயே வந்துவிடும். பட்டையில் "ஒரு அங்குலத் துண்டு" என்று போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். சுருள் எவ்வளவு தடிமன் என்று அது சொல்வதில்லை.

பெருங்காயத்தில் எச்சரிக்கை தேவை. கடையில் தூளாகக் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். அதில் மாவும் பிசினும் கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயத்திலும் கலப்பு அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே ஒன்றின் கிராமை மற்றதற்கு அப்படியே மாற்ற முடியாது. பெருங்காயத்தைப் பொறுத்தவரை மூக்குதான் தராசு.

சிட்டிகையை எடையாக்க வேண்டாம். அது சமைப்பவரின் விரலுக்கு உரியது.

ஒரு சாம்பார்ப் பொடியை முழுசாக மாற்றிப் பார்ப்போம்

நோட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தனியா 4 ஆழாக்கு, நீட்டு மிளகாய் 150, துவரம் பருப்பு அரை ஆழாக்கு, கடலைப் பருப்பு அரை ஆழாக்கு, மிளகு கால் ஆழாக்கு, வெந்தயம் அரைக்கால் ஆழாக்கு, விரலி மஞ்சள் 4.

முதலில் ஆழாக்கைத் தண்ணீரால் அளக்கிறோம்; 200 மில்லி வருகிறது. அடுத்து ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட அளவுக்கே தலைதட்டி நிறுக்கிறோம். தனியா ஒரு ஆழாக்கு 70 கிராம், நாலுக்கு 280. மிளகாய் இருபது சேர்ந்து 18 கிராம், எனவே 150 மிளகாய்க்கு 135. துவரம் பருப்பு அரை ஆழாக்கு 85, கடலைப் பருப்பும் அவ்வாறே 85. மிளகு கால் ஆழாக்கு, அதாவது 50 மில்லி, 28 கிராம். வெந்தயம் அரைக்கால் ஆழாக்கு, 25 மில்லி, 18 கிராம். விரலி மஞ்சள் நாலையும் அப்படியே தராசில் வைத்தால் 25 கிராம் என்று கொள்வோம். மொத்தம் 656 கிராம்.

இப்போது தனியாவை அடிப்படையாக வைத்து மற்றவற்றைப் பாருங்கள். 100 கிராம் தனியாவுக்கு மிளகாய் 48, பருப்புகள் தலா 30, மிளகு 10, வெந்தயம் ஆறரை, மஞ்சள் 9 கிராம். இந்த விகிதம் கைக்கு வந்துவிட்டால் ஆழாக்கின் வேலை முடிந்தது. அரைக் கிலோ தனியா வாங்கி அரைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம்: மிளகாய் 240, பருப்புகள் தலா 150, மிளகு 50, வெந்தயம் 32, மஞ்சள் 45. கடையில் காம்போடு கால் கிலோ மிளகாய் வாங்கினால், காம்பு போக இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். குறைவதைத் தராசு சொல்லும்.

இதை மாற்றாமல், "ஆழாக்கு என்றால் 200 கிராம்" என்று ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றால் என்ன ஆகும்? தனியா 800 கிராம் போகும், பருப்பு தலா 100, மிளகு 50, வெந்தயம் 25. தனியாவுக்குப் பருப்பின் விகிதம் முப்பதிலிருந்து பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டது. அந்தப் பொடியில் வைத்த சாம்பார் சேர்ந்து கெட்டிப்படாது, நீர்த்து நிற்கும். வெந்தய மணம் பாதியாகிவிடும், மிளகின் காரமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தனியா வாசனை மட்டும் தூக்கலாக வரும். ஒரு கப் என்றால் 250 கிராம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். 250 மில்லி கப்பில் தனியா 90 கிராம் அளவுக்குத்தான் பிடிக்கும்.

எடை போடும் நேரமும் முக்கியம். வறுப்பதற்கு முன்னால், வெயிலில் காயவைப்பதற்கும் முன்னால், வாங்கி வந்த நிலையிலேயே நிறுத்துவிடுங்கள். கல்லும் குச்சியும் மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் போதும். வெயிலிலும் வாணலியிலும் ஈரம் போய் எடை குறையும். எவ்வளவு குறையும் என்பது வெயிலையும் அடுப்பையும் பொறுத்து மாறும். வறுத்த பிறகு நிறுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வரும். நோட்டில் "வறுக்கும் முன்" என்று ஓர் ஓரத்தில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைப் பார்த்து அரைப்பவருக்கு அந்த இரண்டு சொல் பெரிய உதவி.

மிஷினில் கொடுத்து வாங்கிவரும் பொடி, கொடுத்த எடைக்குச் சற்றுக் குறைவாகவே வரும். கொஞ்சம் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தூசியாகப் பறக்கும். சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், துணியிலோ தாளிலோ பரப்பி ஆறவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு பத்துக் கரண்டி முறையில் பொடியை அளந்து, ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அன்றாடம் சாம்பார் வைக்கும்போது யாரும் தராசை எடுக்கப் போவதில்லை, எடுக்கத் தேவையும் இல்லை.

முழுசும் பொடியும்

எடைக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது. குறிப்பில் ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள் என்று இருக்கிறது, உங்களிடம் முழு மிளகுதான் இருக்கிறது. எத்தனை ஸ்பூன் மிளகை இடிப்பது? ஒரு டீஸ்பூன் முழு மிளகு 2.9 கிராம், தூள் 2.3 கிராம், ஸ்பூனுக்கு ஸ்பூன் இடித்தால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். 2.3 கிராம் மிளகை நிறுத்து இடியுங்கள், அவ்வளவுதான். அரைத்தாலும் இடித்தாலும் எடை மாறாது. கொள்ளளவு மட்டும்தான் மாறும். நைசாக அரைத்ததா, கொரகொரப்பாகவா என்ற கவலையும் தேவையில்லை.

பழைய நோட்டும் வெளிநாட்டுக் குறிப்பும்

இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கு வழிசெய்த சட்டம் 1956-இல் வந்தது. அதற்கு முந்தைய கைகளால் எழுதப்பட்ட நோட்டுகளில் பலமும் வீசையும் இருக்கும். இவை கொள்ளளவு அல்ல, எடைதான், ஆகவே மாற்றுவது எளிது. ஒரு தோலா, அதாவது ஒரு ரூபாய் எடை, 11.66 கிராம். 3 தோலா ஒரு பலம், 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 5 சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. "மிளகு 2 பலம்" என்றால் 70 கிராம் என்று நேராக எழுதிக்கொள்ளலாம். ஒரே நோட்டில் தனியா ஆழாக்கிலும் மிளகு பலத்திலும் இருப்பது வழக்கம்தான். ஆழாக்கில் இருப்பதை மட்டும் அளந்து மாற்றினால் போதும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் டீஸ்பூன் பெரும்பாலும் 5 மில்லிதான். ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. மெல்போர்னிலோ சிட்னியிலோ இருப்பவர்கள் அங்கே வாங்கிய அளவுக் கரண்டியால் நம் குறிப்பை அளந்தால், ஒவ்வொரு டேபிள்ஸ்பூனுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அமெரிக்கக் கப் 240 மில்லிக்கு ஒட்டி வரும், மெட்ரிக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான். அதைக் கப் என்று வைத்துப் பொடிக்கு அளந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கை கூடும்போது

நாலு பேருக்கான குறிப்பை நாற்பது பேருக்கு மாற்றும்போது, ஸ்பூனைப் பத்தால் பெருக்கிக்கொண்டு போகாதீர்கள். முப்பதாவது ஸ்பூனில் எண்ணிக்கை தவறும், கோபுரமும் தலைதட்டலும் கலந்துபோகும். முதலில் கிராமுக்கு மாற்றிவிட்டு, பிறகு பெருக்குங்கள். காரத்தையும் உப்பையும் மட்டும் கணக்கில் வந்ததில் முக்கால் பங்கு முதலில் சேர்த்து, ருசி பார்த்து மீதியைச் சேர்ப்பது நல்லது. பெரிய பாத்திரத்தில் நீர் வற்றுவது வீட்டுப் பாத்திரத்தில் வற்றுவதைப்போல் இருக்காது. போட்டதை எடுக்கவும் முடியாது.

அட்டவணையை எங்கே வைப்பது, எப்போது திருத்துவது

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மசாலா அலமாரியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். மூன்று விவரங்கள் போதும்: சரக்கின் பெயரும் ரகமும், உங்கள் கரண்டியில் ஒன்றுக்கு எத்தனை கிராம், அளந்த மாதம். எந்தக் கரண்டி என்பதில் குழப்பம் வராமலிருக்க, அதே கரண்டியை அந்த அலமாரியிலேயே ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

விதைகளுக்கு, கடை மாற்றினாலோ புது அறுவடைச் சரக்கு வந்தாலோ மறுபடி அளந்து பாருங்கள். தனியாவும் மிளகும்தான் அதிகம் மாறுபவை. வெந்தயமும் கடுகும் அவ்வளவாக மாறாது, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பொடிகளுக்கு, ஒவ்வொரு முறை அரைத்துக்கொண்டு வந்ததும் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுங்கள். தேய்ந்துபோன பேட்டரியால் தராசு தப்பாகக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தால், சிரிஞ்சால் பத்து முறை 5 மில்லி தண்ணீரை அதன் மேலிருக்கும் கிண்ணத்தில் விடுங்கள். 50 காட்ட வேண்டும். ஒன்று இரண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடியும் விட்டுப் பாருங்கள்.